லென்னின் தியேட்டரில் ஏழு மணிப் படம்

வேலை முடிந்து வந்து, பேசினுக்குள் சுடுதண்ணீர் விட்டு, ஒரு கை உப்பும் போட்டு, இரண்டு காலையும் அதற்குள் வைத்துக்கொண்டு குசினிக் கதிரையில் இருந்தேன். வயோதிபர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை எனக்கு. நாள் முழுக்க மற்றவர்களின் கால்களைக் கழுவிக் கிறீம் பூசிவிட்டு வருகிறவளுக்குத் தன் காலைத் தொட அலுப்பும் பஞ்சியுமாக இருக்கும். அந்தப் பஞ்சியோடுதான் போனையும் எடுத்துப் பார்த்தேன். மகள் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். பழைய இங்கிலாந்துப் பகிடிப் படங்கள் இருக்கின்றனவே, நர்சுகளும் டொக்டர்மாரும் பட்டாளத்துக்காரரும் ஒருவரை ஒருவர் துரத்தி விழுந்தெழும்புவார்கள், பாதிப் பகிடியைப் பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லவே முடியாது, அந்த வரிசையை மறுபடியும் உயிர்ப்பிக்கப் போகிறார்களாம். கீழே ஆங்கிலத்தில் கேட்டிருந்தாள்: அம்மா, இது உங்கட லென்னின் படமெல்லோ? வந்தால் போவமா?

மறுபடியுமா என்றுதான் முதலில் தோன்றியது. ஒருமுறை உயிர்ப்பித்துப் பட்ட பாடு போதாதா? நல்ல காலம், இந்த அலுப்பை மகள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்கு மனச்சோர்வு என்று சொல்லி ஒரு டொக்டரிடம் நேரம் எடுத்து வைத்திருப்பாள்.

யார் இந்த லென் என்று கேட்பீர்கள். அதற்கு முதலில் தேங்காய் எண்ணெயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மெல்பேர்ணில் எங்களுடைய முதல் குளிர்காலம். இவருக்கு, என் கணவருக்கு, டன்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. பகலில் இவர் நித்திரை கொள்ள, நான் சத்தம் போடாமல் இருக்க வேண்டும். ஒற்றை அறை வீட்டில் ஒரு மனுஷி எவ்வளவு நேரம் சத்தம் போடாமல் இருப்பாள்? கோப்பை கழுவினால் சத்தம், அலுமாரி திறந்தால் சத்தம், பெருமூச்சு விட்டால்கூட இவர் புரண்டு படுப்பார். ஆகவே வெளியே இறங்கி நடப்பேன். நாங்கள் இருந்த ஸ்பிரிங்வேலிலிருந்து ரயில் பாதையோரமாக அடுத்த ஸ்டேஷன், அதற்கடுத்த ஸ்டேஷன் என்று கால் போன போக்கில். அப்படி நடந்த ஒரு நாளில், குளிர் காதைக் கடித்துக்கொண்டிருக்க, எங்கிருந்தோ தேங்காய் எண்ணெய் மணத்தது. பலகாரம் சுடுகிற வீட்டு மணம். கடவுளே, வெள்ளைக்காரர் தெருவில் யார் பயற்றம் பணியாரம் சுடுகிறார்கள் என்று மூக்கு போன வழியே போனால், ஒரு தியேட்டர் வாசல். உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் சோளம் பொரிந்துகொண்டிருந்தது. இந்த ஊர்த் தியேட்டர்களில் பொப்கோர்ன் பொரிப்பது தேங்காய் எண்ணெயில் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

கம்பளிச் சட்டை போட்ட ஒரு நெட்டை மனிதர் ஒரு தகரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். குளிரில் எண்ணெய் கல்லாக உறைந்துபோய், அதைக் கரண்டியால் கிண்டிக் கிண்டிக் களைத்திருந்தார். படம் தொடங்க இன்னும் நேரம் இருக்கிறது என்றார் என்னைப் பார்த்து. படம் பார்க்க வரவில்லை, மணம் பிடிக்க வந்தேன் என்பதை நான் எந்த ஆங்கிலத்தில் சொல்வேன்? பேசாமல் போய் அந்தத் தகரத்தை அவர் கையிலிருந்து வாங்கி, சுவரோரம் இருந்த ஹீற்றருக்கு மேலே வைத்தேன். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் தண்ணீராக இளகிவிட்டது. தலைக்கு வைக்கிற எண்ணெய்ப் போத்தலை வீட்டில் தினமும் அப்படித்தானே வைக்கிறோம். அதுதான் என்னுடைய இன்ரவியூ. அடுத்த கிழமையிலிருந்து லென்னின் தியேட்டரில் பொப்கோர்ன் பொரிப்பதும், ரிக்கற் கிழிப்பதும், கதிரைகளுக்குக் கீழே கூட்டுவதும் என் வேலையாகின.

நான் அவரை "மிஸ்டர் லென்" என்றுதான் கூப்பிடுவேன். மிஸ்டருக்குப் பிறகு குடும்பப் பெயர்தான் வரும் என்று அவர் பலமுறை சொல்லிப் பார்த்தார். வயதில் மூத்த மனிதரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட என் நாக்கு உடன்படவில்லை, அவருடைய குடும்பப் பெயரை உச்சரிக்கவும் அந்த நாக்கு உடன்படவில்லை. கடைசியில் அவர் கைவிட்டுவிட்டார்.

தியேட்டரில் புதன்கிழமை மத்தியானம்தான் விசேஷம். ஓய்வூதியக்காரருக்கென்று மலிவு விலையில் அந்தப் பழைய பகிடிப் படங்களை ஓட்டுவார். கிழவிமார் பிளாஸ்கில் தேத்தண்ணீரும் பிஸ்கற்றும் கொண்டுவந்து, முழங்காலுக்குக் கம்பளி போர்த்துக்கொண்டு இருப்பார்கள். ஒவ்வொரு படத்தையும் எத்தனையோ தரம் பார்த்தவர்கள். பகிடி வருவதற்கு முதலே சிரிப்பு வந்துவிடும், பகிடி பிறகு தனியாக வந்து சேரும். எனக்கு ஆரம்பத்தில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியபோது, ஐயோ, இதையா இந்த வயதில் என்று கூச்சமாக இருந்தது. எங்கள் அப்பா யாழ்ப்பாணம் ரவுணில் இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வந்து, என்ன கதை என்று நாங்கள் கேட்டால், "பிள்ளையளுக்கு அது சரிவராது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். முதுகு மட்டும் குலுங்கும். அந்த முதுகு ஏன் குலுங்கியது என்பதை ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வந்து, பொப்கோர்ன் வாளியோடு நின்று தெரிந்துகொண்டேன்.

முன் மண்டபத்தில் அந்த நடிகர்களின் படங்களை லென் சட்டம் போட்டு வரிசையாக மாட்டியிருந்தார். இன்னார் காலமாகிவிட்டார், இவரும் போய்விட்டார் என்று எனக்குச் சொல்லிக்கொண்டு தூசி தட்டுவார். செத்தவர்களின் படத்தை வெறுமனே விடலாமா? ஸ்பிரிங்வேலில் கடதாசிப் பூமாலைகள் வாங்கிவந்து அவர் சொன்ன ஆட்களுக்கெல்லாம் போட்டுவிட்டேன். புதன்கிழமைக் கிழவிமார், என்ன பண்டிகை, வடிவாயிருக்கு என்று பாராட்டினார்கள். லென் மட்டும் ஒரு படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். மாலை எதற்கு என்று கேட்டார். சொன்னேன். "இந்த மனுஷன் இன்னும் உயிரோடை இருக்கிறார், பிள்ளை" என்றார்.

அவர் ஆங்கிலத்தில்தான் சொல்லியிருப்பார். என் காதுக்குள் இப்போது லென் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார், என்ன செய்ய.

நான் ஓடிப்போய் மாலையைக் கழற்றி, அந்த நடிகரின் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, உங்களுக்கு நூறு வயது என்று வேண்டிக்கொண்டேன். நூறு வரவில்லை. அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ அவரும் போனார். லென் வானொலியில் கேட்டுவிட்டு என்னிடம் வந்து, "உன்ரை அந்த மாலை எங்கை?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிறு காலைகளில் தியேட்டர் சும்மா கிடக்கும். எங்கள் ஆட்கள் தமிழ்ப் படம் ஓட்ட இடம் இல்லாமல் பள்ளிக்கூட மண்டபங்களில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டிருந்த காலம் அது. நான் கேட்டதும் லென் சாவியைத் தூக்கித் தந்துவிட்டார். படங்களை ஒழுங்கு செய்தவர் சிவம் அண்ணை. எங்கள் சனத்துக்குள் எந்தக் காரியத்தையும் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்கிற ஒருவர் இருப்பார் அல்லவா, அவர்தான். கறுப்பு மார்க்கர் பேனையால் தமிழில் அறிவித்தல் எழுதி ஸ்பிரிங்வேல் பலசரக்குக் கடைக் கண்ணாடியில் ஒட்டுவார். படம் பதினொரு மணிக்கு என்றால் பத்து என்று எழுதுவார். "பத்து எண்டால்தான் பதினொண்டுக்கு வருவினம். பதினொண்டு எண்டால் மத்தியானச் சோத்துக்குத்தான் வருவினம்" என்பார். சனத்துக்கும் அது தெரியும். பத்து என்று போட்டிருந்தால் பதினொன்று என்று வாசித்துக்கொள்வார்கள். ஒருவரையொருவர் ஏமாற்றாமல் ஏமாற்றிக்கொண்டு எல்லாரும் சரியாகப் பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தார்கள். லென்னுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவரிடம் நான் பதினொன்று என்றுதான் சொல்வேன். உங்கள் சனம் என்ன நேர ஒழுங்கு என்று அந்த மனிதர் வியப்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு கதிரைக்குக் கீழே கூட்டுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. எத்தனையோ வருடம் நின்றுபோயிருந்த பகிடிப் பட வரிசையில் புதிதாக ஒன்று எடுத்திருக்கிறார்கள் என்று. லென் குழந்தைப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். சட்டம் போட்ட படங்களைக் கழற்றித் துடைத்தார், வெளிச்சப் பலகையில் எரியாத பல்புகளை மாற்றினார், கூரையில் ஒழுகிய இடத்தைத் தானே ஏறி அடைத்தார். எனக்கு அவருடைய கால் ஏணியில் நடுங்குவதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அந்த அவசரத்துக்குக் காரணம் அவருடைய தங்கை மார்ஜரி. தியேட்டரில் பாதிப் பங்கு அவருடையது. ஒரு கம்பளக் கடைக்காரர் கட்டடத்தை நல்ல விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். மார்ஜரிக்கு விற்க விருப்பம். புதுப் படம் தொடங்குகிற சனிக்கிழமை மாலை வந்து பார்க்கிறேன், மண்டபம் நிரம்பினால் இன்னும் ஒரு வருடம் விடுகிறேன், நிரம்பாவிட்டால் கையெழுத்துப் போடு என்று சொல்லியிருந்தார். லென் இதை என்னிடம் பொப்கோர்ன் பெட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். பிறகு என்னைப் பார்க்காமலே, "உங்கடை ஆக்கள் வருவினமா?" என்று கேட்டார். அத்தனை வருடத்தில் அந்த மனிதர் என்னிடம் கேட்ட ஒரே உதவி.

நான் சிவம் அண்ணையிடம் ஓடினேன். "இதென்ன கேள்வி பிள்ளை? அந்த மனுஷனுக்கு நாங்கள் எவ்வளவு கடமைப்பட்டனாங்கள். பஸ் பிடிச்சாவது சனத்தைக் கொண்டந்து இறக்கிறன்" என்றார். சும்மா சொல்லவில்லை. வீடு வீடாக ரெலிபோன் எடுத்தார். வான் வைத்திருந்தவர்களைக் கெஞ்சினார். கடைக் கண்ணாடியில் பெரிய அறிவித்தல். அதில்தான் மனுஷன் ஒரு நேர்மை பார்த்தார். "இது எங்கடை படமில்லை, வெள்ளைக்காரன்ரை ஷோ. அதிலை பொய் நேரம் போடக் கூடாது" என்று சொல்லி, ஏழு மணி என்று உண்மை நேரத்தை எழுதினார். எழுதிய கைக்கும் அது தோன்றவில்லை, பக்கத்தில் நின்று பார்த்த எனக்கும் தோன்றவில்லை.

உங்களுக்குத் தோன்றிவிட்டது, இல்லையா?

அந்தச் சனிக்கிழமை நல்ல கோடை. ஏழு மணிக்கும் தெருவில் வெயில் மஞ்சளாக அடித்துக்கொண்டிருந்தது. லென் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். மார்ஜரி வந்தார். நான் அவரை ஒரு சூனியக்காரி மாதிரி நினைத்து வைத்திருந்தேன். வந்தவரோ முழங்கால் வலியோடு கைத்தடி ஊன்றி நடக்கிற, களைத்த ஒரு பெண். நான் கொடுத்த தேத்தண்ணீரை நல்லாயிருக்கிறது என்று குடித்தார். அண்ணன் இந்த வயதில் கூரையில் ஏறுகிறானாமே என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். அவருக்கும் பயம்தான்.

உள்ளே பத்துப் பதினைந்து பேர்தான் இருந்தார்கள். புதன்கிழமைக் கூட்டம் எங்கே என்று கேட்பீர்கள். அவர்கள் பகல் ஆட்கள். பொழுதுபட்டால் வீட்டைவிட்டு இறங்கப் பயப்படுகிற கிழடுகள். அதையும் நாங்கள் யோசிக்கவில்லை. லென் பத்து நிமிடம் தாமதித்தார். நான் வாசலுக்கும் கவுண்டருக்கும் நடந்தேன். தெருவில் ஒரு குஞ்சு இல்லை. பொறுக்க மாட்டாமல் கவுண்டர் போனிலிருந்து சிவம் அண்ணை வீட்டுக்கு அடித்தேன். அவருடைய மனுஷி எடுத்தா.

"நாங்கள் வெளிக்கிட்டிட்டம் பிள்ளை."

"அண்ணை எங்கை?"

"அவர் குளிக்கிறார்."

ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு அப்போதுதான் எனக்கு எல்லாம் வெளித்தது. ஏழு என்று வாசித்த சனம் எட்டு என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. எழுதியவரே எட்டு என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்! எனக்கு அழுகை வந்தது. மார்ஜரியிடம் போய், வருகிறார்கள், நிச்சயம் வருகிறார்கள், எங்கள் சனம் கொஞ்சம் பிந்தும் என்றேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, "நீ நல்ல பிள்ளை" என்றார். அவர் நெடுந்தூரம் கார் ஓட்டிப் போக வேண்டியவர். எட்டு மணி ஆவதற்குக் கொஞ்சம் முதல் லென்னின் கன்னத்தில் கொஞ்சிவிட்டுப் புறப்பட்டார்.

அவருடைய கார் போய்ச் சற்று நேரத்துக்குள் முதல் வான் வந்தது. பிறகு இன்னொன்று, பிறகு கார்கள். ரயில் கேற் பூட்டியிருந்ததால் எல்லாரும் அதற்கு அந்தப் பக்கம் வரிசையில் நின்றிருக்கிறார்கள். கேற் திறந்தபோது எதிரே வந்த முதல் காரில் ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண் இருந்ததாகச் சிவம் அண்ணை பிற்பாடு சொல்லிச் சொல்லி மாய்ந்தார். பெண்கள் கலியாண வீட்டுக்கு வருகிற மாதிரிப் பட்டுச் சேலை. பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்து வாரியிருந்தார்கள். ரோல்ஸும் பற்றிஸும் பெட்டி பெட்டியாக இறங்கின. லென்னுக்கென்று யாரோ தனியாக உறைப்புக் குறைத்துச் செய்த ஒரு பெட்டி. ஈரத் தலையோடு சிவம் அண்ணை சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்ன பிள்ளை, தொடங்கிட்டுதே?"

"பாதி முடிஞ்சுது அண்ணை."

அவர் என் முகத்தைப் பார்த்தார், லென்னின் முகத்தைப் பார்த்தார், பிறகு தன்னுடைய கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, நாங்கள் பட்டுச் சேலை கட்டி, பலகாரம் சுட்டு அதைச் செய்தோம்.

லென் உள்ளே போய்ப் படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார். இருந்த பத்துப் பதினைந்து பேரிடமும் மன்னிப்புக் கேட்டார். எல்லாரும் வந்து இருந்த பிறகு முதலிலிருந்து மறுபடியும் ஓட்டினார். மண்டபம் நிரம்பி, பிள்ளைகள் மடியில் இருந்தார்கள்.

படம் என்னவோ, உண்மையைச் சொன்னால், படு மோசம். மாலை போட்ட முகங்கள் ஒன்றும் இல்லை. எஞ்சியிருந்த ஓரிரு பழைய ஆட்கள் ஊதிப்போய், அதே பகிடியை மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்கள். புது ஆட்கள் மற்றவர்களின் சட்டையைப் போட்டுக்கொண்டவர்கள் மாதிரி நின்றார்கள். ஆறின கஞ்சி பழங்கஞ்சி. எங்கள் சனத்துக்கு அந்த ஆங்கிலத்தில் பாதிக்குமேல் விளங்கவும் இல்லை. ஆனால் லென் பின்னால் நிற்பது எல்லாருக்கும் தெரியும். விருந்துக்குப் போன வீட்டில் கறி உப்பென்றாலும் இன்னும் கொஞ்சம் போடுங்கோ என்று கேட்போமே, அந்த மாதிரிச் சிரித்தார்கள். யாராவது விழுந்தால் சிரித்தார்கள், கதவு அடித்துச் சாத்தினால் சிரித்தார்கள். பிறகு பிள்ளைகள் உண்மையாகவே சிரிக்கத் தொடங்க, அதைப் பார்த்துத் தாய்மாரும் உண்மையாகவே சிரித்தார்கள். லென் என் பக்கம் குனிந்து, "உண்மையாத்தான் சிரிக்கினமோ?" என்று கேட்டார். ஓம் மிஸ்டர் லென் என்றேன். இருட்டில் அவருடைய முதுகு குலுங்கியது. எதற்கு என்று நான் பார்க்கவில்லை.

அடுத்த நாள் அவர் தங்கைக்குப் போன் பண்ணி, நீ போன பிறகு மண்டபம் நிரம்பியது, நிற்க இடமில்லை என்று சொன்னாராம். மார்ஜரி பாவம், அழுதாவாம். வயது போன அண்ணன் தியேட்டரைக் காப்பாற்றப் பொய் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டானே என்று. எங்கள் பத்து, பதினொன்று கணக்கை லென்னிடம் ஒப்புக்கொண்டு, நான் வந்து சாட்சி சொல்கிறேன், சிவம் அண்ணையும் வருவார் என்றேன். லென் வேண்டாம் என்று தலையாட்டினார். ரோல்ஸ் ஒன்றைக் கடித்துக்கொண்டு, "அடுத்த முறை ஆறு மணியெண்டு சொல்லு" என்றார்.

அடுத்த முறை வரவில்லை. குளிர் தொடங்க முதல் கையெழுத்தாகிவிட்டது. தியேட்டர் தரை சரிவானது, கம்பளக் கடைக்காரர் அதை நிரவிச் சமன் செய்வதற்கே மாதக்கணக்கானது. வீட்டில் என் கணவர் ஒருநாள் அங்கே கம்பளம் வாங்கப் போவோம் என்றார். நான் சன்னதம் ஆடாத குறை. லென் குயின்ஸ்லாந்துக்குத் தங்கையோடு போய், ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் போன் எடுத்து, ஒரு நத்தாருக்கு எடுக்கவில்லை. மார்ஜரிதான் எடுத்தா. என்னிடம் மாலை போட அவருடைய படம் ஒன்றுகூட இல்லை. கம்பளக் கடையும் போய்விட்டது, இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி. பொப்கோர்ன் பெட்டி நின்ற இடத்தில் கார் உள்ளே போகிறது. புதன்கிழமைக் கிழவிமார் எல்லாரும் எப்போதோ போய்விட்டார்கள். எங்கள் சனமும் திருந்திவிட்டது. அழைப்பிதழில் ஆறு மணி என்றால் ஐந்தே முக்காலுக்குக் கார் நிறுத்த இடமில்லை. ஒரு மணித்தியாலத்தைக் கூட்டி வாசிக்கிற சனம் இப்போது இல்லை. அலுப்பாக இருக்கிறது.

அந்த மாற்றத்தைத் தொடங்கி வைத்தவர் சிவம் அண்ணைதான். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவர் எதற்கும் பிந்தியதில்லை. கலியாணம், சாமத்திய வீடு எதுவென்றாலும் வெறும் கதிரைகளுக்கு நடுவில் தனியாக இருப்பார். பகிடி பண்ணுவார்கள். இரண்டு வருடமாக அவர் நான் வேலை செய்கிற இல்லத்தில்தான் இருக்கிறார். மனுஷி போய்விட்டா. பிள்ளைகளின் பெயர் சில நாள் வரும், சில நாள் வராது. என்னைப் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். அது யாருக்கும் பொருந்தும்தானே.

மகளின் செய்திக்கு நான் பதில் போடவில்லை. அடுத்த நாள் காலையில் சிவம் அண்ணையைக் கழுவித் துடைத்து, சக்கரக் கதிரையில் இருத்திக் காலுக்குக் கிறீம் பூசும்போது, சும்மா கதைக்கு, "லென்னின்ரை படம் திரும்பவும் வரப்போகுதாம் அண்ணை" என்றேன். அவர் என் தோளைப் பிடித்தார்.

"எத்தினை மணிக்கு?"

"ஆறு மணிக்கு அண்ணை."

"என்ரை சப்பாத்தைத் தா பிள்ளை. அந்த மனுஷன் வாசல்லை பாத்துக்கொண்டு நிக்கும்."

வெளியே காலைச் சாப்பாட்டு வண்டி அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. நான் அலுமாரியைத் திறந்து சப்பாத்தை எடுத்துவந்து, குனிந்து இருந்து, இரண்டு காலுக்கும் போட்டுக் கயிற்றைக் கட்டிவிட்டேன்.